மறு: வன்முறையற்ற பெருந்திரள் போராட்டத்துக்கு ஒரு கலைச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

அரசியல் அறிவியல் கலைச்சொல் பட்டியலுக்காக, ஆங்கிலத்தில் ‘civil resistance’ எனப்படும் போராட்ட முறைக்குத் தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இந்த இழையில் நல்ல சொற்கள் பல வந்துவிட்டன. நானும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: மறுப்பியக்கம். முழுமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மக்கள் மறுப்பியக்கம். முதலில் இதுவரை வந்த சொற்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

> “அகிம்சைப் போராட்டம் என்றே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.”

புரியும். ஆனால் அடிக்கவில்லை, கொல்லவில்லை, தீ வைக்கவில்லை என்பது மட்டுமே புரியும். அவர்கள் என்ன செய்தார்கள், அதனால் அரசு ஏன் இறங்கி வந்தது என்று மாணவர் கேட்டால் இந்தச் சொல்லில் விடை இல்லை. போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டிசம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது பால்டிக் கரைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள்; படையினர் சுட்டுப் பலரைக் கொன்றார்கள். 1980 ஆகஸ்டில் அதே தொழிலாளர்கள் தெருவுக்கே வரவில்லை. தளத்துக்குள்ளேயே தங்கி, வாயிலை மூடிக்கொண்டு, மதுவைத் தடைசெய்து, வேலையை நிறுத்தினார்கள். நம் தொழிற்சங்கங்கள் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்று சொல்வது இதைத்தான். அவர்களை உள்ளேயே சுட்டால் கப்பல் கட்ட ஆள் இருக்காது. சுடாவிட்டாலும் கப்பல் நகராது. பிற ஆலைகளும் சேர்ந்துகொள்ள, 21 கோரிக்கைகள் கொண்ட பட்டியலுக்கு ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை அந்தப் பட்டியலில் முதலாவது. வன்முறை இல்லாமை அந்த வெற்றிக்குத் துணை நின்றது, உண்மைதான். வெற்றியைத் தந்தது அவர்கள் பிடித்து வைத்துக்கொண்ட உழைப்பு.

> “அறப்போராட்டம், அறவழிப் போராட்டம் இரண்டும் நம் வழக்கில் ஏற்கெனவே உள்ளவை. புதிதாக ஒன்று எதற்கு?”

ஐயா, மேடைக்கும் நாளிதழுக்கும் இந்தச் சொல் பொருந்தும், அழகும் உண்டு. பாடநூலுக்கு வேண்டாம் என்று மட்டுமே வாதிடுகிறேன். அறம் என்பது தீர்ப்பு. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் ஆய்வு செய்ய வந்தவர் என்ன செய்வார்? 1972 அக்டோபரில் சிலியில் லாரி உரிமையாளர்கள் லாரிகளை நிறுத்தி, தேர்தலில் வென்று வந்த அதிபர் அயெந்தேயின் அரசைத் திணறடித்தார்கள். பண்டமும் உணவும் நகரவில்லை. கருவி அதே கருவிதான். அது வேறு கைகளில் இருந்தது. அதையும் அறப்போராட்டம் என்று எழுத என் கை வராது. அதற்கென்று வேறொரு சொல்லை உண்டாக்கினால், ஒரே இயக்கமுறைக்கு இரண்டு பெயர்கள் வைத்ததாகிவிடும்.

> “இலங்கையில் சாத்வீகப் போராட்டம் என்பதே வழக்கு. 1961ஐ நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.”

யாழ்ப்பாணத்துச் சகோதரி சொல்வது சரி. 1961 பற்றி எழுதும்போது அந்த மக்கள் தங்கள் போராட்டத்துக்கு வைத்த பெயரே நிற்க வேண்டும். அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஆனால் பொதுக் கலைச்சொல்லாக வைக்க அதே 1961தான் எனக்குத் தடையாகத் தெரிகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழுக்கு உரிமை கேட்டு யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாவட்ட அரசு அலுவலகத்தின்) முன் அமர்ந்தவர்கள் அமைதியாகத்தான் அமர்ந்திருந்தார்கள். ஆனால் விளைவு அமைதியானதா? வாரக்கணக்கில் மாவட்ட நிர்வாகம் முடங்கியது. ஏப்ரலில் தமிழரசுக் கட்சி தனி அஞ்சல் சேவையே தொடங்கியது. அடுத்த சில நாள்களில் நெருக்கடி நிலை, இராணுவம், கைதுகள். சாத்வீகம் என்ற சொல் அமர்ந்திருந்தவர்களின் மனநிலையைச் சொல்கிறது. கச்சேரி ஏன் நின்றது என்பதைச் சொல்லவில்லை.

இதே சிக்கலை நமக்கு முன்பே ஒருவர் சந்தித்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இந்தியரின் போராட்டத்தை ஆங்கிலத்தில் ‘செயலற்ற எதிர்ப்பு’ என்ற பொருளில் குறிப்பிட்டு வந்தார்கள். அது ஆயுதம் இல்லாத எளியவர்களின் வேறு வழியற்ற வழி என்று கேட்பவர்கள் நினைப்பதைக் கண்ட காந்தி, தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் புதுச்சொல் கேட்டுப் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி ‘சதாக்ரஹ’ என்று அனுப்பினார். காந்தி அதைத் திருத்தி ‘சத்தியாக்ரஹ’ ஆக்கினார். இன்று நாம் செய்யும் வேலையை அன்று ஓர் இதழின் வாசகர்கள் செய்திருக்கிறார்கள்! சத்தியாகிரகம் என்ற சொல்லையே பொதுச்சொல்லாக வைக்கலாமே என்ற யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அது உண்மை, தன்வருத்தம், எதிராளியின் மனமாற்றம் என்ற ஒரு முழுத் தத்துவத்தின் பெயர். கதான்ஸ்க் தொழிலாளர்கள் கட்சித் தலைமையின் மனமாற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. அவர்களைச் சத்தியாகிரகிகள் என்றால் இரு தரப்புக்கும் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

> “குடிமை எதிர்ப்பு. நேர்ப் பெயர்ப்பு, சிக்கல் இல்லை.”

எனக்கு மிகவும் தயக்கம் தரும் சொல் இதுதான். குடிமை என்றவுடன் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது குடிமைப் பணித் தேர்வும், ரேஷன் கடைப் பலகையில் உள்ள குடிமைப் பொருள் வழங்கலும். அதையாவது பழக்கத்தில் கடந்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு. இந்தப் போராட்டங்களை நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் குடிமகன் என்ற தகுதியே மறுக்கப்பட்டவர்கள். தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு 1970இல் சட்டம் போட்டுக் கறுப்பின மக்களை, அவர்களில் பலர் கண்ணாலும் பார்த்திராத, அவர்களுக்கென்று அரசே ஒதுக்கிய ‘தாயகங்கள்’ என்ற பகுதிகளின் குடிகள் ஆக்கியது. அதற்கு முன்பே, 1913இல் அந்நாட்டின் நேட்டால் மாகாணத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேறிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்த நாட்டின் குடிகள்? அவர்களில் பலர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். அந்த வரியை நீக்கக் கேட்டு அவர்கள் நியூகாசில் சுரங்கங்களில் வேலையை நிறுத்தினார்கள். கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் அது பரவியது. அரசு சுரங்க வளாகங்களையே சிறைகளாக அறிவித்து, கைதிகளாக அவர்களைத் திரும்பச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனது. சாட்டையால் அடித்தார்கள். அப்போதும் பலர் கீழே இறங்கமாட்டோம் என்றார்கள். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களிலேயே 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. அதே ஆண்டு அந்த வரி நீக்கப்பட்டது. வாக்குரிமையோ குடியுரிமையோ இல்லாதவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று: ‘மாட்டோம்’ என்ற சொல். நம் கலைச்சொல் அதிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி மறுப்பியக்கம் பற்றி. சட்டமறுப்பு இயக்கம் 1930 முதல் நம்மிடையே வேரூன்றிய தொடர். வரிமறுப்பு புரியாத தமிழர் இல்லை. அந்தச் சொற்களைத் தனித்தனித் துண்டுகளாக விடாமல், அவை எதன் கிளைகளோ அந்த மரத்துக்கும் அதே பெயர் வைக்கலாம். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜீன் ஷார்ப் 1973இல் வன்முறையற்ற செயல்முறைகள் என்று 198ஐப் பட்டியலிட்டார். அவற்றில் 54 எதிர்ப்பும் வேண்டுகோளும்: ஊர்வலம், மனு, துக்கக் கொடி போன்றவை. 41 நேரடித் தலையீடுகள். மீதி 103 சமூக, பொருளாதார, அரசியல் ஒத்துழையாமை. பாதிக்கும் மேல் மறுப்பு. இந்தத் துறையின் பெரும்பகுதி எதுவோ, பெயரும் அதைச் சொல்வதே முறை.

இதில் பொருளாதாரம் எப்படி அரசியலாக மாறுகிறது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நிகழ்வு தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத்து நுகர்வு மறுப்பு. 1985 ஜூலையில் அங்குள்ள கறுப்பினக் குடியிருப்புகளின் மக்கள் வெள்ளையர் கடைகளில் எதையும் வாங்குவதை நிறுத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் இம்குசெலி ஜாக் என்ற இளைஞர். குடியிருப்புகளிலிருந்து படையை வெளியேற்று, பொது இடங்களை எல்லோருக்கும் திற, வேலையிடத்தில் பாகுபாட்டை நிறுத்து என்பவை கோரிக்கைகள். சில நாள்களிலேயே அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. தலைவர்களை விசாரணையின்றி அடைத்தது. ஆனால் ஒரு பெண் ரொட்டி வாங்காமல் வீட்டில் இருப்பதை எந்தச் சட்டத்தால் குற்றமாக்க முடியும்? எந்தக் கவச வண்டி அவரைக் கடைக்குள் தள்ளி, பர்ஸைத் திறக்கச் செய்யும்? நகரத்தின் நடுவில் கடைகள் வெறிச்சோடின. நேற்றுவரை அரசியல் தன் வேலை இல்லை என்றிருந்த வணிகர், தன் கல்லாப்பெட்டியைக் காக்கத் தன் அரசிடமே போய் நின்றார்: அந்தத் தலைவர்களை விடுங்கள், நாங்கள் பேச வேண்டும். நவம்பரில் விடுதலை நடந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கடைகள் மீண்டும் நிறைந்தன. கோரிக்கைகள் நிறைவேறாததால் அடுத்த ஆண்டு மறுப்பு மீண்டும் தொடங்கியது. 1986 ஜூனில் நாடு முழுவதும் நெருக்கடி நிலை வந்து இயக்கத்தை நசுக்கியது. ஆனால் வெள்ளையர் சமூகமும் அரசும் ஒன்று என்ற சுவரில் விழுந்த விரிசல் மூடவில்லை.

இதே வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு, அதையும் இங்கே வைக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் சில குடியிருப்புகளில், தடையை மீறிப் பொருள் வாங்கி வந்தவர்களை இளைஞர்கள் மறித்து, வாங்கிய சோப்புத் தூளைத் தின்னவும் எண்ணெயைக் குடிக்கவும் வைத்தார்கள். அறப்போராட்டம் என்ற சொல் இதைப் பார்க்கவிடாது. மறுப்பியக்கம் என்றால் மாணவர் கேட்கலாம்: மறுத்தவர் தாமாக மறுத்தாரா, மறுக்க வைக்கப்பட்டாரா? அந்தக் கேள்வியைக் கேட்க இடம் தராத சொல் கலைச்சொல் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

‘மக்கள்’ என்ற முன்னொட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறையற்றவற்றில் 53 விழுக்காடும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 விழுக்காடும் வென்றதாகக் கண்டார்கள். அவர்கள் சொல்லும் முதன்மைக் காரணம் பங்கேற்பின் அளவு. துப்பாக்கி தூக்கச் சிலரால்தான் முடியும். வாங்காமல் இருக்கவும் வேலைக்குப் போகாமல் இருக்கவும் பாட்டியாலும் முடியும், கடைநிலை எழுத்தராலும் முடியும். ஒருவர் மட்டும் மறுத்தால் அது மனச்சாட்சி. ஊரே மறுத்தால்தான் இயக்கம். ஆகவே முன்னொட்டு அலங்காரம் இல்லை.

எதிர்வாதங்கள் இரண்டு எனக்கே தோன்றுகின்றன. நாளிதழில் மறுப்பு என்றால் ‘குற்றச்சாட்டுக்கு அமைச்சர் மறுப்பு’ என்ற பொருள்தான் முந்தி வரும். உண்மை. ஆனால் இயக்கம் என்ற சொல் சேர்ந்தவுடன் அந்தக் குழப்பம் நீங்குகிறது. சட்டமறுப்பு இயக்கத்தை யாரும் சட்டத்தைப் பற்றிய மறுப்பறிக்கை என்று படித்ததில்லை. இரண்டாவது இன்னும் கனமானது: தலையீட்டு முறைகளை மறுப்பு என்று சொல்ல முடியுமா? 1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறும் மேசையில் அமர்ந்தார்கள். அவர்கள் எழுந்து போக மறுத்தார்கள், ஆகவே அதை அடக்கிவிடலாம். ஆனால் போலந்தின் தலைமறைவு அச்சகங்களையும், யாழ்ப்பாணத்தின் அஞ்சல் சேவையையும் போன்ற மாற்று அமைப்புகளை இந்தச் சொல்லுக்குள் இழுத்துத் திணிக்க நான் முயலமாட்டேன். அவற்றுக்கு ‘இணையமைப்பு’ என்று தனிப் பதிவு போடலாம். மறுப்பியக்கம் தன் பிள்ளையாகப் பெற்றெடுப்பவைதான் அவை, ஆனாலும் அவற்றின் வேலை கட்டுவது.

குடிமறுப்பு என்று சுருக்கலாம் என ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். வேண்டாம், மதுவிலக்குத் துறைக்குப் போய்விடும்.

வேலைநிறுத்தம், கடையடைப்பு, புறக்கணிப்பு ஆகியவை அப்படியே இருக்கட்டும். பழகிய சொல்லைப் பெயர்த்து எடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். ஒன்று மட்டும்: தமிழ்நாட்டில் பணிப் புறக்கணிப்பு என்பதை இலங்கை இதழ்கள் பணிப்பகிஷ்கரிப்பு என்கின்றன, முழு அடைப்பு அங்கே ஹர்த்தால். பட்டியலில் இரு வழக்கையும் சம உரிமையோடு பக்கத்தில் பக்கத்தில் கொடுக்க வேண்டும், ஒன்றை மற்றதன் விளக்கமாகக் கொடுக்கக் கூடாது.

பதிவுக்கு என் வரைவு: “மக்கள் மறுப்பியக்கம்: ஆட்சியோ நிறுவனமோ இயங்கத் தேவையான உழைப்பு, வரி, கொள்முதல், கீழ்ப்படிதல் ஆகியவற்றை மக்கள் திரளாகவும் ஆயுதமின்றியும் திரும்பப் பெற்று மாற்றத்தைக் கோரும் போராட்ட முறை.” இதில் ‘ஆயுதமின்றி’ என்பதா ‘வன்முறையின்றி’ என்பதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. சோப்புத் தூள் தின்ன வைத்தவர்கள் கையில் ஆயுதம் இருந்திருக்கத் தேவையில்லை. அதனால் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். யாழ்ப்பாணத்துச் சகோதரியும் ஐயாவும் இந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதினால் வரைவைத் திருத்தி மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்