அமுக்கரா சூரணமும் மனநல மாத்திரையும் சேர்த்து எடுக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. அம்மா மனப்பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராமும், இரவில் பாதி குளோனாசிபாமும் எடுக்கிறார். தைராய்டு மாத்திரை வேறு. ஊரிலிருந்து வந்த பெரியம்மா, நல்ல மனசோடுதான், ஒரு டப்பா அமுக்கரா (அஸ்வகந்தா வேர்) சூரணத்தைக் கொடுத்து, "பாலில் கலந்து குடி, அந்த மாத்திரையெல்லாம் தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டப்பாவில் உரிம எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், குளோனாசிபாமோடு சேர்ந்தால் அசதி அதிகமாகலாம், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. மனநல மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இதைச் சொன்னால், "வேருக்கு என்னடா பக்கவிளைவு?" என்கிறார் அம்மா. அரளி வேரும் வேர்தானே!

டாக்டரைப் பார்ப்பது அடுத்த வாரம். அதுவரை டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு இப்படி அலோபதி மருந்தும் எடுப்பவரை யாராவது அழைத்துப் போயிருக்கிறீர்களா? பழைய மருந்துச் சீட்டையும் பார்த்துச் சொல்வார்களா?

அப்புறம், ஏற்கெனவே சூரணம் குடித்துவிட்டதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று அம்மா பயப்படுகிறார். உங்கள் வீட்டில் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்? மருந்தும் அளவும் யாரும் எழுத வேண்டாம், அனுபவம் மட்டும் போதும்.