மூன்று வயது மகனுக்கு எந்தப் பயிற்சி?

கேள்வி – மதுரையிலிருந்து ஒரு தந்தை

என் மகனுக்குச் சென்ற மாதம் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். பேச்சு இன்னும் வரவில்லை; வேண்டியதை எங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். ஒரு மையத்தில் வாரம் 30 மணி நேரம் ஏபிஏ என்னும் நடத்தைப் பயிற்சி கொடுத்தால் பள்ளியில் சேர்ப்பதற்குள் முழுவதும் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம். மற்றொரு மையத்தில் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தருவதாகவும், மீதியை வீட்டில் நாங்களே செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது மிகக் குறைவாகத் தோன்றுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? ஸ்டெம் செல் சிகிச்சையையும் உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.

மறுமொழி – பேச்சுப் பயிற்சியாளர்

ஐயா, செவித்திறனைச் சோதிக்கும் பெரா பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

மணிக்கணக்கைப் பெரிதாகப் பேசும் வழக்கம், அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் ஏபிஏ பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வலுப்பெற்றது. வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பொதுப் பள்ளியில் சாதாரணமாகப் படித்தார்கள் என்றார் அவர். யாருக்கு 40 மணி நேரப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை, அதனால் ஒப்பீடு உறுதியானதல்ல என்பதையும், அதட்டலும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதையும் மையங்கள் சொல்வதில்லை. இன்றைய ஏபிஏ எல்லாம் அப்படியில்லை. விளையாட்டோடு கலந்து செய்பவர்களும் உண்டு. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த பகுப்பாய்வில், மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

வீட்டில் செய்வதைக் குறைவாக எண்ண வேண்டாம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்புப் பட்டம் பெறாத பணியாளர்களே, பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவர்களோடு சேர்ந்து பார்த்து, குழந்தையின் போக்குக்கு எப்படி ஈடுகொடுப்பது என்று வழிகாட்டினார்கள். குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவது அதிகரித்தது.

எந்த மையமானாலும், அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்குகளை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கண்ணைப் பார்ப்பான், அசையாமல் உட்காருவான்’ என்று எழுதினால், அது பெரியவர்களின் வசதிக்கான பட்டியல். ‘வேண்டியதைப் படத்தாலோ சைகையாலோ சொல்லாலோ கேட்பான், வேண்டாததை மறுப்பான்’ என்றிருந்தால், அது உங்கள் மகனுக்குப் பயன்படும். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

மறுமொழி – ஒன்பது வயதுப் பெண்ணின் தாய், திருச்சி

பெற்றோரை உள்ளே விடாத இடத்துக்கு நான் என் மகளை அனுப்பமாட்டேன். உள்ளே நடப்பதைப் பார்க்காமல், வீட்டில் எதைத் தொடர்வது? புதிய இடத்தில் சில நாள் அழுவது இயல்பு. வாரக்கணக்கில் அழுகை நீடித்தாலோ, தூக்கம் கெட்டாலோ, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை விட்டாலோ, ‘பழகிவிடுவான்’ என்ற பதிலை ஏற்காமல் பயிற்சியையே மாற்றச் சொல்லுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையிலுள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியபின் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கு அதற்குள் தனி உச்சவரம்பு உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஸ்டெம் செல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மறுமொழி – பேச்சுப் பயிற்சியாளர்

வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. உறவினர்கள் கேட்டால் அந்த அறிவிப்பைக் காட்டுங்கள். நாம் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம் இருக்கும்.