கடைசி எண்ணைப் பார்த்து வாங்கு

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள், பினாங்கு

வியாழன்

யாழினி (இரவு 9:12): மாமா, அவசரம். ஆய்வேட்டு ஒத்திகையின் நடுவில் வைஃபை மூன்று முறை அறுந்துவிட்டது. வரும் புதன்கிழமை உண்மையான நேர்காணல்.

அம்மா: தம்பி, பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் என்னவென்று பார்.

அண்ணன்: ரௌட்டரில் குறை இல்லை மாமா. அதே மேசையில் என் கைப்பேசி தடையில்லாமல் ஓடுகிறது. நாளை பிராங்கின் மாலில் ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கி வந்துவிடட்டுமா? 1300 எம்பிபிஎஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

பாயான் பாரு மாமா: பொறு மாப்பிள்ளை. பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்த்து லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிக்கு எதையும் வாங்காதே. யாழினி, கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து சிறிய ஆங்கில எழுத்துகளில் எல்எஸ்பிசிஐ என்று தட்டு. ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, என்என்கே. நெட்வொர்க் என்று வரும் பகுதியைப் படமெடுத்து அனுப்பு.

யாழினி: (படம்)

பாயான் பாரு மாமா: வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் எது என்று கடைசி வரிகளில் இருக்கிறது பார். இது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவது இல்லையே. நீயாகவா போட்டாய்?

யாழினி: பழைய கணினியாக வாங்கியபோது வைஃபையே தெரியவில்லை மாமா. மூத்த மாணவர் ஒருவர் எங்கிருந்தோ டிரைவரின் மூல நிரலை இறக்கி, என் கணினியில் ஓடும்படி கம்பைல் செய்து கொடுத்தார். ஒவ்வொரு முறை கெர்னல் புதுப்பிக்கும்போதும் வைஃபை காணாமல் போய்விடும். மறுபடியும் கம்பைல் செய்வேன். ஆறேழு முறை ஆகிவிட்டது.

பாயான் பாரு மாமா: ஆறேழு முறையா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு!

பாயான் பாரு மாமா: முதலில் செலவில்லாத வழியைப் பார்ப்போம். மின்சேமிப்புக்காக வைஃபை அடிக்கடி உறங்கப் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். இணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் என்ற இடத்தில் 2 என்று போட்டால் அது நின்றுவிடும். மாற்றிவிட்டு ஒரு மணி நேரம் அண்ணனோடு வீடியோ அழைப்பில் இரு.

யாழினி (இரவு 11:20): இரண்டு முறை அறுந்தது மாமா.

பாயான் பாரு மாமா: அப்படியென்றால் கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டை மாற்றிவிடுவோம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா? உள்ளே இருந்தால் கெர்னல் மாறும்போது அதைப் பராமரிப்பவர்கள் டிரைவரையும் சேர்த்தே மாற்றுவார்கள். வெளியே இருந்தால் அந்த வேலை உன் தலையில் விழும். இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டு கெர்னல் 5.1 முதல் ஓடுகிறது, ஏஎக்ஸ்210 5.10 முதல். மீடியாடெக் எம்டி7921-உம் 5.12 முதல் உள்ளே இருக்கிறது. உன் லினக்ஸ் மின்ட் 22-இல் இருப்பது கெர்னல் 6.8. மூன்றில் எதைப் போட்டாலும் எடுத்துக்கொள்ளும். என் தேர்வு ஏஎக்ஸ்210.

அம்மா: நம் பாயான் லெப்பாசில் இருக்கும் இன்டெல்தானே? பெரியம்மா அந்தக் காலத்தில் வேலைக்குப் போன இடம். அதனால் சொல்கிறாயா?

பாயான் பாரு மாமா: அதே இன்டெல்தான் அக்கா. 1972-இல் அவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் தொழிற்சாலை நம் தீவில்தான். ஆனால் நான் சொல்வது அந்தப் பாசத்தால் இல்லை. வைஃபை டிரைவரை அவர்களுடைய பொறியாளர்களே எழுதிக் கெர்னலில் சேர்க்கிறார்கள். கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் கோப்பும் மின்ட் நிறுவும்போதே கூட வந்துவிடுகிறது.

அண்ணன்: ஏஎக்ஸ்211 இன்னும் புதியதுதானே மாமா? அதையே வாங்கிவிடலாமே.

பாயான் பாரு மாமா: வேண்டவே வேண்டாம்! இதை மட்டும் நன்றாகக் கேள். 201, 211 என்று 1-இல் முடியும் கார்டுகளில் வைஃபையின் பாதி வேலை இன்டெல் பிராசசர் பக்கமே இருக்கிறது. கார்டில் இருப்பது மீதிப் பாதிதான். அதற்கென்று அமைந்த இன்டெல் கணினியில் மட்டுமே அது உயிர்பெறும். யாழினியின் மடிக்கணினியில் இருப்பது ஏஎம்டி ரைசன் பிராசசர். அதில் 211-ஐச் செருகினால் வடிவம் சரியாகப் பொருந்தும், திருகாணியும் இறங்கும், கணினிக்கு மட்டும் அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் கடைசி எண்ணைப் பார்க்காமல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான். 200 அல்லது 210. பூஜ்யத்தில் முடிய வேண்டும்.

பிறை சித்தி: அண்ணா, என்னுடைய பழைய திங்க்பேடு மடிக்கணினிக்கும் இது சரியாகுமா? பள்ளிக்கூட வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பாயான் பாரு மாமா: அதை நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தங்கச்சி. பழைய திங்க்பேடுகள் சிலவும் பழைய எச்பி சிலவும் கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில், ஏற்கும் கார்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத கார்டு இருந்தால் கணினி தொடங்கவே மறுக்கும். செருகும் இடமும் எம்.2 ஆக இல்லாமல் பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸாக இருக்கலாம். அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

ஞாயிறு

யாழினி (காலை 10:40): கார்டு வந்துவிட்டது. பின்மூடியைத் திறந்துவிட்டேன். (படம்)

பாயான் பாரு மாமா: பேட்டரி இணைப்பைக் கழற்றினாயா? அதுதான் முதல் வேலை.

யாழினி: கழற்றிவிட்டேன் மாமா.

பாயான் பாரு மாமா: நல்லது. பழைய கார்டின் மேல் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு ஆன்டெனா வயர்கள் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று படமெடுத்து வை. வயரைப் பிடித்து இழுக்காதே. தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர் மேலாகத் தூக்கு.

யாழினி: இரண்டும் வந்துவிட்டன. புதியதைச் செருகித் திருகாணியையும் போட்டுவிட்டேன். ஆனால் வயர் உட்கார மாட்டேன் என்கிறது. கடுகளவு வளையம் மாமா, கை நடுங்குகிறது. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகிறது.

அம்மா: உடைத்துவிடப் போகிறாள். நீயே வந்துவிடேன் தம்பி.

பாயான் பாரு மாமா: அவளால் முடியும் அக்கா. யாழினி, அழுத்தம் இப்போது வேண்டாம். வளையத்தை வளையத்தின் மேல் சும்மா வைத்து, விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பார். சரியான இடத்தில் இருந்தால் அது நகராமல் நிற்கும். நின்ற பிறகு கட்டைவிரல் நகத்தால் நேர் கீழாக அழுத்து. டக்கென்று ஒரு சின்னச் சத்தம் விரலுக்கே தெரியும்.

யாழினி: டக்!!

யாழினி: இன்னொரு டக்!

பாயான் பாரு மாமா: என் தங்கம்! பேட்டரியை மாட்டி, மூடி, தொடங்கு.

யாழினி (காலை 11:25): (படம்) டிரைவர் இருக்கும் வரியில் இன்டெல்லின் ஐடபிள்யூஎல்வைஃபை என்று வந்திருக்கிறது. நான் எதையும் நிறுவவில்லை, தானாகவே வந்தது. புளூடூத்தும் தெரிகிறது.

பாயான் பாரு மாமா: அதுதான் வேண்டும். பழைய டிரைவரை நீக்கிவிடு. இன்று மாலை முழுவதும் அண்ணனோடு அழைப்பில் இருந்து பார். புதன்கிழமை கைப்பேசியையும் யுஎஸ்பி கேபிளையும் பக்கத்தில் வைத்துக்கொள். எது போனாலும் கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் ஒரு நிமிடத்தில் இணையம் வந்துவிடும்.

அண்ணன்: என் மேசைக் கணினிக்கு யுஎஸ்பிதான் மாமா வழி. எதைக் கேட்டு வாங்குவது?

பாயான் பாரு மாமா: சிப் எம்டி7612யு என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கு, கெர்னல் 4.19 முதல் உள்ளே இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு சிப்பை மாற்றிவிடுவார்கள். அதனால் பதிப்பு எண்ணையும் பார். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வா.

யாழினி (இரவு 10:05): நான்கு மணி நேரம் மாமா. ஒரு முறைகூட அறுபடவில்லை. கெர்னல் புதுப்பிப்பு ஒன்றும் வந்தது. பயந்துகொண்டே போட்டேன். மறுபடி தொடங்கியதும் வைஃபை அப்படியே இருந்தது.

அம்மா: இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

பாயான் பாரு மாமா: பழைய கார்டை ஓர் உறையில் போட்டு, எந்தக் கணினியிலிருந்து எடுத்தது என்று மேலே எழுதி வை கண்ணு. கணினியை விற்கும் நாளில் தேவைப்படலாம்.