கல்வராயன் மலையில் ஆள் கணக்கு எடுத்த அனுபவம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்குக் கொடுத்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் சில சிற்றூர்கள். தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிகள் மட்டுமே வாழும் ஊர்கள். கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை. அதற்குள் ஒரு நாளாவது வீட்டில் தங்கியவரைத்தான் அந்த வீட்டில் எழுதலாம். அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவரை, அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும்.

சமவெளியில் இந்த விதியால் பெரிய சிக்கல் வராது. மலையில் பிப்ரவரி என்றால் குடகுப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற காலம்; மிளகுப் பறிப்பும் கூடவே வரும். சாமை அறுத்து முடித்ததும் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி முன்பணத்தோடு வந்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு வண்டி ஏறிவிடுவார்கள். நான் போனபோது தெருவுக்குத் தெரு பூட்டிய கதவுகள். திறந்திருந்த வீடுகளில் வயசானவர்களும் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளைகளும்தான்.

"எம்மவன் பேரையும் எழுதுங்க வாத்தியாரே, ரேஷன் கார்டுல இருக்கானே" என்று ஒரு பாட்டி விடவே இல்லை. பேர் விட்டுப்போனால் அரிசி நின்றுவிடும் என்று பயம். இது வேற கணக்கு பாட்டி, அரிசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துச் சொல்ல நேரமானது.

வயசு கேட்டால் ஜாகீர் போன வருஷத்தை வைத்துத்தான் பதில் வந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலப்பிரபுக்கள் பிடியில் இருந்த மலை அது. "அப்ப நான் ஆடு மேய்க்கிற புள்ள" என்றால், அதிலிருந்து கூட்டி எழுதிக்கொள்வேன்.

தொழில் பகுதிதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். விவசாயியா, விவசாயக் கூலியா, வீட்டுத் தொழிலா, மற்றதா என்று அடுத்த கேள்வி. மலைப் பெண் ஒருத்தியின் வருஷத்தை இதில் எங்கே வைப்பது? ஆடியில் சொந்தப் புன்செயில் சாமை விதைக்கிறாள், களை எடுக்கிறாள். பிறகு காப்பித் தோட்டம். திரும்பி வந்தால் புளி உலுக்கி ஓடு எடுப்பது, காட்டில் கடுக்காய் பொறுக்குவது. நடுவில் அடுத்தவர் மரவள்ளிக்காட்டில் கிழங்கு பிடுங்கும் கூலி. அந்தக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். இத்தனைக்கும் அவள் கணவர் சொன்னது: "அது சும்மா வீட்டுலதாங்க இருக்கு." பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள், சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பதும் வேலைதான் என்று. அதனால் அவளையே கூப்பிட்டு மாதம் மாதமாகக் கேட்டேன். பல வீடுகளில் பெண்கள் முதன்மைத் தொழிலாளர் ஆனது அப்படிக் கேட்ட பிறகுதான்.

மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்று. அதற்குள் குடகிலிருந்து சிலர் திரும்பியிருந்தார்கள். தோட்டத்துக் கூலியாட்கள் தங்குகிற வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், யாராவது வந்து கேட்டார்களா என்றால், "எங்களயா? யாரும் வரல சார்" என்றார்கள். எங்கும் எண்ணப்படாதவர்கள் என்று உறுதி செய்துகொண்டு சேர்த்தேன். திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். உள்ளாட்சியில் பழங்குடியினருக்கான இடங்களே இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒதுக்கப்படுகின்றன. 2011இல் தமிழ்நாடு முழுக்க அவர்கள் 7.94 லட்சம் பேர்தான், 1.1 சதவீதம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு தெரு விடுபட்டாலும் எனக்கு மனசு ஆறாது.

அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தான், அதே காப்பிப் பறிப்புக் காலத்தில். மலைக்குப் போகிறவர்கள் பூட்டிய வீடுகளைத் தனியாகக் குறித்துவைத்து, எந்த மேஸ்திரியோடு எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். குடகுப் பக்கம் யாராவது இதைப் படித்தால், லயங்களில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.