முட்டிக்குள் கட்டி: புற்று இல்லையென்றால் கத்தி எதற்கு?

அம்பைக்காரன்:
அக்கா மகனுக்கு 27 வயது. இடது முட்டி வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. ஊசி போட்டு நீர் எடுத்தபோது சிரிஞ்சில் துருத்தண்ணி நிறத்தில் வந்தது. எம்ஆர்ஐ பார்த்துவிட்டு பிவிஎன்எஸ் (மூட்டின் உள்ளுறை தடித்துக் கட்டியாக வளரும் நோய்), மூட்டு முழுக்கப் பரவிய வகை, அந்த உள்ளுறையை எடுக்கணும் என்கிறார்கள். புற்று இல்லையாம். அப்புறம் எதற்கு முட்டியைத் திறக்கணும்? வீங்கும்போது நீர் எடுத்து, எண்ணெய்க் கட்டு போட்டால் போதாதா?

பாளை பிசியோ:
போதாது அண்ணாச்சி. மூட்டின் உள்ளுறை தடித்து அடிக்கடி ரத்தம் கசியும். அதிலுள்ள இரும்பு அங்கேயே படியும். அந்த நிறம் அதனால்தான். எம்ஆர்ஐயில் கருப்பாகத் தெரிவதும் அதனால்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் வீக்கம் தவிர பெரிதாக ஒன்றும் சிக்காது. விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். எண்ணெய் அதுவரைக்கும் போகாது.

தாமிரபரணிக்கரை:
தம்பி பாதியைத்தான் சொல்கிறார். ஒரே இடத்தில் முடிச்சாக இருந்தால் எடுத்ததும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பரவிய வகையை முழுசாக எடுப்பது கஷ்டம், திரும்ப வருவதும் சகஜம். எடுத்தபின் முட்டி விறைத்துப்போனவர்களும் உண்டு. வலி இல்லாத பையனை எதற்கு மேசையில் ஏற்றணும்? அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரையே வந்துவிட்டதே, பெக்சிடார்டினிப், 2019இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

பாளை பிசியோ:
கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கையோடு அனுமதித்தார்கள், அதை விட்டுவிட்டீர்களே. ஆபரேஷனால் பலன் இராது என்பவர்களுக்குத்தான் அது. ஐரோப்பாவில் 2020இல் மறுத்தேவிட்டார்கள். 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விம்செல்டினிப்பும் இந்தக் கட்டியை வளரவைக்கும் அதே சிஎஸ்எஃப்1 என்ற சமிக்ஞை வழியைத்தான் அடைக்கிறது. அதிருக்கட்டும், பையனுக்கு வலி இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது?

அம்பைக்காரன்:
வலி உண்டு. குத்தவைத்து உட்கார முடியவில்லை, பஸ் படி ஏறவே கம்பியைப் பிடிக்கிறான். முதலில் காட்டிய இடத்தில் மூட்டில் காசநோய் என்று மாத்திரை கொடுத்ததில் சில மாதம் வீணாகப் போச்சு.

முக்கூடல் மைனி:
ஒத்தை முட்டி மாதக்கணக்கில் வீங்கினால் நம்ம பக்கம் காசநோயைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் துணுக்கு எடுத்து பயாப்சி பார்த்தார்களா? அந்த ரிப்போர்ட் இல்லாமல் இங்கே ரெண்டு பேரும் எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள்? காப்பீட்டு அட்டையோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவில் ஒருதரம் காட்டுங்க அண்ணே.

தாமிரபரணிக்கரை:
வலி இருந்தால் கணக்கு வேறு, எடுக்கட்டும். ஆனால் கட்டி முட்டிக்குப் பின்னாலும் போயிருக்கிறதா, அதைத் துளை வழியாக எடுப்பார்களா, திறந்தா, இதே ஆபரேஷனை முன்னே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? இதையெல்லாம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுடாதீரும்.