ஒரே கலியாணம், இரண்டு லென்ஸ்: முகநிறம் ஏன் ஒத்துவரவில்லை?

நிழல்35:
ஒரே மொடல் கமரா இரண்டு பாவிக்கிறேன். ஒன்றில் கமரா கம்பனியின் 35 மி.மீ., மற்றதில் வேறு பிராண்ட் 85 மி.மீ. மண்டபக் கலியாணங்களில் 85இல் முகம் மஞ்சளடிக்கிறது. மணவறை விளக்குகள் பின்னால் வந்தால் கறுப்பு சாம்பலாகிறது. இரண்டையும் ஒரே பிராண்டாக மாற்றினால் சரிவருமா?

வெள்ளவத்தை ரவி:
வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிக்கட்டும் செட்டிங்) ஓட்டோவிலா? அப்படியென்றால் லென்ஸைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 35 மி.மீ. லென்ஸ் கூறைச்சேலை, மணவறைப் பட்டு, வாழைமரம் எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குப் போடும். 85க்கு முகம் மட்டும்தான் தெரியும். ஒரே பிராண்டானாலும் விடை இரண்டாகத்தான் வரும்.

இப்படிப் பிரித்துப் பாருங்கோ. ஒரு கமராவை ட்ரைபொடில் வைத்து, ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் சாம்பல் அட்டையை நடுவில் நிறுத்துங்கள். ரோ (கமராவின் மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6, வைட் பேலன்ஸ் 5200 கெல்வினில் பூட்டு. லென்ஸை மட்டும் மாற்றி, லென்ஸுக்கு ஒரு படம். ஒரே எஃப் எண்ணிலும் ஒளி கடத்தும் அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும், ஆகவே படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்திவிட்டு அட்டையில் ஐட்ரொப்பரை (நிறம் எடுக்கும் கருவியை) வையுங்கள். டெம்ப் (நீலம்–மஞ்சள்), டின்ட் (பச்சை–மஜென்டா) இரண்டிலும் வரும் வித்தியாசம்தான் லென்ஸின் பங்கு. அதை 85இல் எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் சரிவரும். லென்ஸ் ப்ரொஃபைலை டிக் பண்ணினால் நிறமும் திருந்தும் என்று நம்ப வேண்டாம், அது வளைவையும் ஓர இருட்டையும்தான் திருத்தும்.

மண்டபத்து எல்ஈடியையும் கவனியுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்ஈடிகள் அதற்கேற்ப மினுங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 இல்லாவிட்டால் அடுத்தடுத்த படங்களிலேயே நிறம் மாறலாம்.

கண்ணாடிப்பிரியன்:
ரவி அண்ணா சொன்னது நிறத்துக்குச் சரி. ஆனால் பிராண்ட் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லேலாது. லென்ஸ் நிறத்தை அளக்க ஐஎஸ்ஓ 6728 என்று ஒரு தரமே இருக்கு. சினிமா லென்ஸ்களைச் செட்டாக வாங்குவதற்கு நிறப்பொருத்தமும் ஒரு காரணம். 1960களின் சூப்பர் டக்குமார் 50 எஃப்/1.4 போன்ற, கதிரியக்கத் தோரியம் கலந்த கண்ணாடி லென்ஸ்கள் பழசாகப் பழசாக மஞ்சளாகும். யூவி விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் தெளியும். இன்றைய லென்ஸ்களில் இவ்வளவு தூரம் போகாது.

கறுப்பு சாம்பலாவது வேறு வியாதி, அதை எந்த ஸ்லைடராலும் முழுசாக மீட்கேலாது. தெறிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடி முகம் (மேற்பரப்பு) ஒன்று 4 சதவீதம் ஒளியைத் திருப்பியடிக்கும். 10 முகங்கள் என்றால் மூன்றிலொரு பங்கு ஒளி போய்விடும், அதில் ஒரு பகுதி உள்ளே சுற்றிவந்து நிழலில் விழும். ஒற்றைப்பூச்சு அந்த 4ஐ ஏறக்குறைய 1.5 ஆக்கும், பென்டக்ஸ் எஸ்எம்சி (1971), கார்ல் சைஸ் கம்பனியின் டி ஸ்டார் (1972) போன்ற பல்பூச்சுகள் இன்னும் கீழே இறக்கின. காசு கொடுப்பதென்றால் இதற்குத்தான் கொடுக்கவேணும்.

வாங்க முதல் 85இன் இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கத்தால் சரிவாக டோர்ச் அடியுங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பங்கஸ், பால் மாதிரி இருந்தால் மூட்டம். கொழும்பு ஈரப்பதத்தில் இரண்டும் சகஜம். ட்ரை கபினட்டில் (ஈரம் அகற்றும் அலுமாரியில்) 40–50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள், லெதர் உறைக்குள் வைக்கவே வேண்டாம்.

நிழல்35:
ஓட்டோதான். 85இல் மலிவான யூவி பில்டர் ஒன்றும் இருக்கு. கழற்றினால் கண்ணாடி கீறாதா?

கண்ணாடிப்பிரியன்:
அப்ப முதல் சந்தேகம் அந்தப் பில்டர்தான். பூச்சில்லாத பில்டர் இன்னும் இரண்டு முகம் கூட்டும், அதுவும் தட்டையான முகம்: விளக்குகளின் பேய்ப்பிம்பம் படத்தின் மறுபக்கத்தில் வரும். காலிமுகத்திடலில் உப்புத்தூறல் அடிக்கும்போது பல்பூச்சு பில்டர் போடுங்கள், மண்டபத்துக்குள் கழற்றிவிட்டு ஹூட் (பக்கவெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் முன்வளையம்) மாட்டுங்கள். 85க்கு அதற்குரிய ஆழமான ஹூட்தான் வேணும், 35இன் அகல ஹூட் பிரயோசனமில்லை.

வெள்ளவத்தை ரவி:
விளக்கு பிரேமுக்குள்ளேயே வந்தால் ஹூட்டும் உதவாது. அரை அடி நகர்ந்து, மாப்பிள்ளையின் தலைப்பாகை விளக்கை மறைக்கிற இடத்தில் நில்லுங்கள்.