சிம்கோ ஏரி: மார்ச்சில 40 செ.மீ. ஐஸை நம்பி இறங்கலாமோ?

பேர்ச்பித்தன்:
ஒன்டாரியோவின்ர சிம்கோ ஏரியில, ஜனவரியில 12 செ.மீ. ஐஸுக்கு மேல கூட்டமா நிண்டு துளை போட்டு மீன் பிடிக்கிற ஆக்களே, மார்ச்சில 40 செ.மீ. இருக்கேக்க "ஐஸ் முடிஞ்சுது, இறங்காதேங்கோ" எண்டு வெருட்டுறது எனக்கு விளங்கேல்லை. கனடாவின்ர தேசிய ஆராய்ச்சி மன்றத்தில இருந்த லோர்ன் கோல்ட் 1971-இல குடுத்த கணக்கு இருக்கு: தடிப்பைச் செ.மீ.-இல எடுத்து வர்க்கமாக்கி 3.5-ஆல பெருக்கினா, ஐஸ் தாங்கிற பாரம் கிலோவில வரும். 12 செ.மீ.-க்கு 504 கிலோ. 40 செ.மீ.-க்கு 5600. பதினொரு மடங்கு!

மீனும் அப்பதான் கிடைக்கும். ஏப்ரலில முட்டை போடுறதுக்காக பேர்ச் மீன் கூட்டம் ஆழத்தை விட்டுக் குக்ஸ் பே எண்ட குடாப் பக்கம் ஒதுங்கத் தொடங்கும். 4 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் நரம்பு, அடியில 7 கிராம் ஈயம், அதுக்கு மேல 20 செ.மீ.-இல ஒண்டும் 45-இல ஒண்டுமா ரெண்டு 8-ஆம் நம்பர் தூண்டில், இரைக்கு 5 செ.மீ. ஷைனர் குஞ்சுமீன். வேறொண்டும் தேவையில்லை.

மண்டாடி:
தம்பி, கணக்குச் சரி, ஐஸ்தான் பிழை. 3.5 எண்டது உறைநிலைக்குக் கீழ இருக்கிற, வெடிப்பில்லாத, தெளிந்த நீல ஐஸுக்குச் சொன்னது. மார்ச்சில உங்கட ஆகர் (ஐஸில துளை போடுற துரப்பணம்) காட்டுற 40-இல எவ்வளவு வெள்ளை ஐஸ்? பனி ஊறி உறைஞ்ச அந்த வெள்ளைக்குள்ள காத்துக் குமிழ் நிறைய. அதை அரைவாசியாத்தான் எண்ண வேணும். 25 வெள்ளை, 15 நீலம் எண்டா, உங்கட 40 செ.மீ. 27.5 ஆகுது. அதுக்குக் கணக்குப் போடுங்கோ: ஏறக்குறைய 2650 கிலோ. அரைவாசிக்கு மேல போச்சு.

அதுவும் குளிர் நாளுக்குத்தான். வெயில் ஏறினாப் பிறகு சூத்திரத்தையே மறந்துபோடுங்கோ. ஏரி ஐஸ் மேலயிருந்து கீழ வரை நெட்டுக்குத்தாய் வளர்ந்த பளிங்குத் தூண்களின்ர கட்டு. உறையேக்க உப்பும் அழுக்கும் தூண்களுக்கு இடையில ஒதுங்கும். வெயில் உள்ள இறங்கினா அந்த இடுக்குகள்தான் முதல்ல உருகும். தடிப்பு ஒரு செ.மீ. குறையாது, ஆனா தூணைத் தூண் பிடிக்காது. அந்த ஐஸில ஒரு கட்டியைத் தூக்கிப் போட்டுப் பாருங்கோ, விரல் தடிப்புக் கண்ணாடிக் குச்சிகளாச் சிதறும், சத்தமும் கலகல எண்டுதான் கேக்கும்.

பேர்ச்பித்தன்:
ஐயா, அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதுக்குத்தான் விடிய 6 மணிக்கு இறங்கி 10-க்கு ஏறச் சொல்லுறது. இரவு -8 போனா அந்த இடுக்கெல்லாம் திரும்ப இறுகும்.

கூதிர்:
பித்தன், இறுகும், ஆனா எவ்வளவு ஆழத்துக்கு? ஒரு ராத்திரி குளிர் மேல் பகுதியை மட்டும்தான் பிடிக்கும். அடியில ஊறிக் கிடக்கிறது அப்படியே இருக்கும். மேல கடினமா தட்டுறதால நம்பிக்கை வருது, அதுதான் மோசம். இதுல ஆகர் இன்னும் ஏமாத்தும், ஏன்னா அது சுரண்டிக்கிட்டு இறங்குற கருவி. நல்ல ஐஸ்லயும் 40 காட்டும், செத்த ஐஸ்லயும் 40 காட்டும். துளை போடும்போது வர்ற தூளைப் பாருங்க. காஞ்ச வெள்ளைச் செதிலா வந்தா பரவாயில்லை. சாம்பல் நிறத்துல ஈரமா, ஊசி ஊசியா வந்தா திரும்பிடுங்க.

உறுதியைச் சொல்றது ஸ்பட் பார், அதாவது உளி முனை வச்ச இரும்புக் கம்பிதான். முன்னால ஒரு எட்டு தூரத்துல ஓங்கி ஒரே இடத்துல ரெண்டு குத்து. நல்ல ஐஸ் 'டங்'னு கையில திருப்பி அடிக்கும். 'சரக்'னு இறங்கிச்சுன்னா தடிப்பைக் கேக்கவே வேண்டாம்.

மண்டாடி:
கூதிர் சொன்னதோட இன்னொண்டு. குக்ஸ் பே எண்டு பித்தன் சொல்லுற இடமே முதல்ல உடையிற இடம். ஆழமில்லாதபடியா டிசம்பரில முதல்ல உறையும், அதே காரணத்தால முதல்ல இளகும். தெற்கு முனையில ஹாலண்ட் ஆறு வேற வந்து விழுது. பாரி பக்கத்துக் கெம்பன்ஃபெல்ட் பே 40 மீட்டர் ஆழம், சூட்டைப் பிடிச்சு வச்சிருந்து பிந்தித்தான் உறையும். ஒரே நாளில ஒரே ஏரியில ரெண்டு ஐஸ். ஆதர்லி ஒடுக்கத்தில குச்சிசிங் ஏரிக்குத் தண்ணி ஓடிக்கொண்டிருக்கிறபடியா அங்க எந்த மாதமும் கால் வைக்கப்படாது.

கரையையும் பாருங்கோ. கறுத்த மண்ணும் கல்லும் வெயிலில சூடேறி, கரையோர ஐஸைத்தான் முதல்ல தின்னும். விடிய உறைஞ்சிருந்த ஓரத்தில ஏறிப் போவீங்கள், மத்தியானம் வரேக்க அந்த இடத்தில 3 மீட்டர் அகலத்துக்குத் தண்ணி நிக்கும். ஜாக்சன்ஸ் பாயிண்ட் பக்கம் தெற்குக் காத்து எழும்பினா முழுப் பாளமும் கரையை விட்டு வடக்க நகரும்.

ஆற்றோரம்:
இவ்வளவு சண்டை ஏன்? மார்ச்சில ஏரியை விட்டுட்டு ஆத்துக்கு வாங்கோவன். ஒன்டாரியோ ஏரியில விழுகிற ஆறுகளில, கனரஸ்கா மாதிரி, தண்ணி 4 பாகையைத் தாண்டினா ஸ்டீல்ஹெட் எண்ட ட்ரவுட் மீன் ஏறத் தொடங்கும். மழை விட்டு ரெண்டாம் மூண்டாம் நாள், தண்ணி பால்தேத்தண்ணி நிறம் மாறிப் பச்சையா வரேக்க, முழங்கால் ஆழத்தில பாதம் மங்கலாத் தெரிஞ்சா அதுதான் நேரம்.

பேர்ச்பித்தன்:
ஆத்தின்ர மேல் பகுதிகளில ட்ரவுட்டுக்கு ஏப்ரல் நாலாம் சனிக்கிழமைதானே திறக்கிறது? மார்ச்சில திறந்திருக்கிற கீழ்ப் பகுதிகளில ஆளுக்கு ஆள் தோள் முட்டும். அதோட ஸ்டீல்ஹெட் ருசி எனக்குப் பேர்ச்சுக்குக் கிட்ட வராது. பேர்ச்சின்ர தோலை உரிச்சு, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரிச்சா, முள்ளே இல்லாத மீன்.

கூதிர்:
ருசியில சண்டை இல்ல. ஆனா மார்ச் பேர்ச் வயிறு நிறைய முட்டையோட வருது. ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 50 அனுமதின்னு 50 பெட்டை மீனைத் தூக்கணுமா?

பேர்ச்பித்தன்:
ஒக்டோபரில பிடிச்ச பெட்டையும் ஏப்ரலில முட்டை போடாது. ஒரு மீன் குறைஞ்சா ஒரு மீன்தான், மாதம் எதுவா இருந்தாலும்.

மண்டாடி:
இதில பித்தன் பக்கம் நியாயம் இருக்கு. ஆனா ஒக்டோபரில அந்த மீன் ஏரி முழுக்கச் சிதறியிருக்கும், மார்ச்சில ஒரே நீர்க்களை விளிம்பில குவிஞ்சு நிக்கும். கூட்டத்தைக் கண்டுபிடிச்ச பத்துப் பேர் ரெண்டு மணித்தியாலத்தில 500 மீன் எடுக்கலாம். அதுதான் வித்தியாசம்.

சின்னதை விட்டுப் பெரிசை வைக்கிற பழக்கமும் ஜனவரி, பெப்ரவரியில கூடாது. பேர்ச்சின்ர காத்துப்பைக்குக் குடலோட வழியில்லை, 10 மீட்டருக்குக் கீழ இருந்து இழுத்தா அந்தக் காத்தை வெளிய விடேலாது. வயிறு ஊதி, இரைப்பை வாய்க்குள்ள தள்ளி நிக்கும். திரும்ப விட்டா ஐஸுக்கு அடியில மிதந்து சாகும். அந்த ஆழத்தில பிடிச்சதை அளவு பாக்காமல் எண்ணிக்கையில சேர்த்து, காணும் எண்டோடன நிப்பாட்ட வேணும். மிச்ச ஷைனரைத் துளைக்குள்ள கொட்டாதேங்கோ, தண்ணியில இருந்து 30 மீட்டருக்குள்ள கொட்டுறதும் சட்டப்படி குற்றம். 2004-இல இந்த ஏரியில விழுகிற பெஃபர்லோ ஆத்தில கோபி எண்ட அந்நிய மீன் வந்து சேர்ந்தது காணும்.

பேர்ச்பித்தன்:
சரி, மீன் விஷயத்தில ஒத்துக்கொள்ளுறன். ஐஸ் விஷயத்தில இன்னும் இல்லை. மார்ச் முதல் கிழமை, இரவில -10, மேல பனி மூடியிருந்து வெயில் உள்ள போகேல்லை எண்டா என்ர 40 செ.மீ. நல்ல 40 செ.மீ.தான். திகதியைப் பாத்து முடிவெடுக்கிறது சோம்பல்.

மண்டாடி:
அதை நான் மறுக்கேல்லை. திகதி பிழைக்கும் எண்டதுக்கு 2023–24 காணும். கனடாவின்ர பதிவுகளிலேயே சூடான குளிர்காலம் அது. அந்த வருசம் நாள்காட்டியைப் பாத்து ஜனவரியில இறங்கினவனுக்கும் அதே பிழைதான். ஆனா பனி மூடி வெயிலைத் தடுக்கிற மாதிரி குளிரையும் தடுக்கும், அடியில ஐஸ் வளராது. பனி கரைஞ்சு ஐஸ் கறுத்துத் தெரிஞ்ச அண்டைக்கு உங்கட 40 செ.மீ.-க்கு இன்னும் எத்தனை நாள் எண்டு எண்ணத் தொடங்குங்கோ.

கூதிர்:
ரெண்டு பேரும் விழுந்தா என்ன செய்றதுன்னு சொல்லவே இல்லையே. மனிடோபா பல்கலைக்கழக கீஸ்பிரெக்ட் சொல்ற 1-10-1 கணக்கு: முதல் 1 நிமிஷம் மூச்சைக் கட்டுப்படுத்த மட்டும். அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேக்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதனால பதறி நீந்தாம, வந்த திசைக்கே திரும்பி (அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கினது), ஐஸ் பிக்கை (கைப்பிடி வச்ச கூரான ஆணி) குத்தி, காலை உதைச்சுப் படுத்தவாக்கில ஏறி உருளுங்க. எழுந்து நிக்காதீங்க. பிக் பையில இருந்தா பிரயோசனம் இல்ல, கழுத்துல தொங்கணும்.

பேர்ச்பித்தன்:
பிக் இருக்கு. ஸ்பட் பார் இல்லை. எவ்வளவு பாரத்தில எடுக்கிறது?

மண்டாடி:
4 கிலோவுக்குக் குறையாமல், நெஞ்சு உயரம். பிடியில ஒரு கயிற்று வளையம் போட்டுக் கையில மாட்டுங்கோ. செத்த ஐஸில ஓங்கிக் குத்தேக்க கம்பி கையை விட்டு நழுவி நேர ஏரிக்குள்ள போயிடும்.